ஒளிரும் குடை

மழைக்கால இரவில் சாலையோரமாக நகரும் கறுப்புக் குடையொன்றை, எதிரே வரும் வண்டியோட்டி எவ்வளவு தொலைவில் காண்பார்? கறுப்புத் துணி ஒளியை விழுங்கிவிடும். நனைந்த கண்ணாடி மிச்சத்தையும் மறைத்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடக்கிறது. வேலை முடிந்து திரும்பும் தாயும், தனிப்பயிற்சிக்குச் சென்று வரும் மகளும் அந்த ஒரு வினாடியை நம்பியே நடக்கின்றனர். எனவே, குடைக்கு விளக்கு வைப்பதை வெறும் சிறுபிள்ளை விளையாட்டாக நாம் கருதவில்லை.

1982-இல் வெளிவந்த ‘பிளேடு ரன்னர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில், அடைமழையில் மக்கள் தண்டு ஒளிரும் குடைகளை ஏந்திச் செல்வர். அந்நாளில் வெண்ணிற எல்.இ.டி. விளக்கு கிடையாது. பிரகாசமான நீல ஒளி தரும் டயோடு பிறந்த பின்னரே, அதன்மேல் பாஸ்பர் பூச்சிட்டு வெள்ளொளி பெற முடிந்தது. அந்நீல ஒளிக்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அவ்விளக்கு சில ரூபாய்க்கு மின்னணுக் கடைகளில் கிடைக்கிறது.

எட்டுக் கம்பிகள் உள்ள வெள்ளைக் குடையொன்றைத் தேர்ந்துகொள்வோம். கம்பிக்கொன்றாக எட்டு விளக்குகளை, உச்சிக்கு அருகே, விளிம்பை நோக்கியவாறு கட்டவேண்டும். ஒளி துணியில் பரவவேண்டுமேயன்றிப் பிடிப்பவர் கண்ணில் படலாகாது. கண் கூசினால் எதிரேயுள்ள பள்ளம் தெரியாது. விளக்கின் முனையை உப்புத்தாளால் சற்றே தேய்த்தால் ஒளி விரிந்து பரவும்.

வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும். 1.5 வோல்ட் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட். மிஞ்சும் 1.5 வோல்ட்டைத் தாங்க, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே 100 ஓம் மின்தடை வேண்டும். அப்போது 15 மில்லி ஆம்பியர் மின்சாரம் பாயும். எட்டுக்கும் சேர்த்து ஒரே மின்தடை போதுமே எனச் சிலர் சிக்கனம் பார்ப்பதுண்டு. விளக்குகள் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாயிருப்பதில்லை. ஒன்று மிகுதியாக மின்சாரத்தை இழுத்துக் கெடும். விளக்கின் நீண்ட கால் நேர்முனை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஒற்றைக் கம்பி மடங்கி மடங்கி முறிந்துவிடும். பல இழைகள் கொண்ட மெல்லிய மின்கம்பியே ஏற்றது. குடை மடியும் இடங்களில் அதைச் சிறிது தளர்வாக விடுக. பற்றவைத்த இடம் எதுவும் குடையின் இரும்பைத் தொடாதபடி உறையிட்டு மூடுவது இன்றியமையாதது. மின்கலப் பெட்டியையும் ஸ்விட்சையும் மழை படாதவாறு பிடியருகே கட்டலாம்.

எடை குறையுமென்று நாணய வடிவ மின்கலத்தைப் பயன்படுத்துவோரும் உளர். குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அது வேண்டவே வேண்டாம். விழுங்கிய கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண் உண்டாகும். உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இக்குடை நம்மைப் பிறருக்குக் காட்டுமேயன்றி நமக்கு வழி காட்டாது. ஆகவே கையில் டார்ச்சு விளக்கும் இருக்கட்டும். இடி மின்னல் வேளையில் எந்தக் குடையுடனும் திறந்த வெளியில் நிற்கலாகாது. வீடு திரும்பியதும் குடையை விரித்தே உலர்த்துக. மழைக்காலம் முடிந்ததும் மின்கலங்களைக் கழற்றி வைத்தால், அவை கசிந்து பெட்டியை அரிக்கமாட்டா.