ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டுகளையும் சேர்த்து வைத்தாயிற்று. சின்ன ஸ்பீக்கரில் கேட்டுச் சலித்த பிறகு பலருக்கும் வருகிற அடுத்த ஆசை, நல்ல ஸ்டீரியோ. கடைக்குப் போனால் இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு கனமான பெட்டியைக் காட்டுவார்கள். உயர்ரக மாடல் என்றால் விலை லட்சங்களில் இருக்கும்.

என் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் இரண்டு லட்சத்தை இதற்கென்றே ஒதுக்கிவிட்டு, எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம் என்று கேட்டார். “முதலில் உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றேன். 86 டெசிபல், 4 ஓம் என்று இருந்தது. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இன்டக்ரேட்டட் என்றால் ஒன்றுமில்லை. எந்தக் கருவியிலிருந்து பாட்டு வர வேண்டும், எவ்வளவு சத்தம் வேண்டும் என்று தீர்மானிக்கும் ப்ரீ ஆம்ப்ளிஃபையரும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. அவ்வளவுதான்.

இனி வாட் கணக்கு. மலிவான ஸ்பீக்கர் அட்டைப் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போடும் எண்ணை மறந்து விடுங்கள். அதற்கு ஒழுங்கான வரையறையே கிடையாது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் மட்டும்தான் கணக்கு. அதிலும், வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டும் என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டுக்குப் பதில் 60 வாட் என்று கூடுதல் பணம் கேட்டால் சிரித்துவிட்டு வந்து விடலாம்.

டெசிபல் எண் என்பது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் கிடைக்கும் சத்தம். 92 டெசிபல் ஸ்பீக்கரில் 25 வாட் செய்கிற வேலையை 86 டெசிபல் ஸ்பீக்கரில் செய்ய 100 வாட் தேவை. வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது ஒரு வாட் கூடச் செலவாகாது. ஆனால் தவிலில் ஓங்கி ஒரு அடி விழும்போது, அந்த ஒரு கணத்துக்கு மட்டும் சராசரியைப் போல் நூறு மடங்கு தேவைப்படலாம். அங்கே திணறாமல் இருக்கத்தான் இருப்பில் வாட் வேண்டும்.

ஓம் எண் குறையக் குறைய ஸ்பீக்கர் இழுக்கும் மின்னோட்டம் கூடும். எனவே ஆம்ப்ளிஃபையரின் விவரத் தாளில் 8 ஓமுக்கு எவ்வளவு, 4 ஓமுக்கு எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். ஜப்பானின் அக்யூஃபேஸ் இ-650 என்ற விலை உயர்ந்த மாடலுக்கு 8 ஓமில் 30 வாட்தான். ஆனால் 4 ஓமில் சரியாக 60 ஆகிறது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டர்களும் தாராளமாக இருப்பதற்கு இது அடையாளம். 4 ஓம் கணக்கையே சொல்லாத மாடலை நண்பரின் ஸ்பீக்கருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொரு பக்கம், 1970களின் கடைசியில் வந்த என்.ஏ.டி. 3020 வெறும் 20 வாட், விலையும் குறைவு. இன்றும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

விலை கூடினால் ஒலியும் கூடுமா? 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரைப் போலவே ஒலிக்கும்படி தன்னுடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை மாற்றிக் காட்டினார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். இதற்கு உங்கள் கம்ப்யூட்டரே போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை உருவாக்கி ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 2 வோல்ட் என்றால் மற்றதிலும் 2 வோல்ட் வரும்படி வால்யூமைத் திருப்பிவிட்டுப் பிறகு பாட்டைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கம்ப்யூட்டரை இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வருகிறதா? லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஆம்ப்ளிஃபையர் மேல் தப்பில்லை. இரண்டு கருவிகளின் எர்த்தும் கேபிள் வழியாகச் சேர்ந்து ஒரு வளையமாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பெரும்பாலும் குறையும். முழுமையாகப் போக வேண்டுமானால் கம்ப்யூட்டரிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருக்க வேண்டும். அந்தக் கேபிளில் போவது வெளிச்சம், மின்சாரமல்ல. இரைச்சலைப் போக்க எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிரைக் காப்பது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் பின்பக்க வோல்ட் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் ஒரே நிமிடத்தில் புகைந்துவிடும். சிங்கப்பூரில் வாங்கினால் இந்தக் கவலை இல்லை, அங்கும் 230தான்.

நண்பருக்கு நான் சொன்ன கணக்கு: இரண்டு லட்சத்தில் முக்கால் லட்சத்துக்கு 4 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர், மீதியில் புது ஸ்பீக்கர். இப்போது ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.