இல்லாத வழக்கைச் சொன்ன இயந்திரம்

சாட்ஜிபிடி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எதைக் கேட்டாலும் நொடியில் பதில் எழுதித் தரும் கணினி நிரல் அது. கட்டுரை எழுதும், கணக்குப் போடும், கவிதைகூடச் சொல்லும். அதை நம்பி அமெரிக்காவில் இரண்டு வக்கீல்கள் மாட்டிக்கொண்ட கதை தெரியுமா? கதை என்றேனே தவிர, இது உண்மையில் நடந்தது.

2019ஆம் ஆண்டு எல் சல்வடோர் நாட்டிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்த அவியாங்கா விமானத்தில், உணவு பரிமாறும் தள்ளுவண்டி ஒரு பயணியின் முழங்காலில் இடித்துவிட்டதாம். அவர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிட்டது, தள்ளுபடி செய்ய வேண்டும் என்றது விமான நிறுவனம்.

உடனே பயணியின் வக்கீல்கள் பதில் மனு கொடுத்தார்கள். முன்பு இதே போன்ற வழக்கில் நீதிபதி இப்படித் தீர்ப்புச் சொன்னார் என்று எடுத்துக்காட்டுவது வக்கீல்களின் வழக்கம் அல்லவா? இந்த மனுவிலும் அப்படிப் பல தீர்ப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்று, வர்கீஸ் என்பவர் சீன விமான நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கு. (வர்கீஸ்! நம் பக்கத்துக் கேரளப் பெயர்.) எதிர்த்தரப்பு வக்கீல்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. நீதிமன்றமும் தேடியது, கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அப்படி ஒரு வழக்கே நடக்கவில்லையே! இப்படி ஆறு வழக்குகள், அத்தனையும் சாட்ஜிபிடியின் கற்பனை.

அதைப் பயன்படுத்தியவர் 30 ஆண்டு அனுபவமுள்ள வக்கீல். இந்த வழக்கு உண்மையானதுதானா என்று அந்த நிரலிடமே கேட்டிருக்கிறார். ஆமாம் என்று அதுவும் சொல்லியிருக்கிறது! பரீட்சை எழுதிய பையனிடமே, "நீ எழுதியது சரியா?" என்று கேட்டு மார்க் போடுவதுபோல இல்லை?

அது பொய் சொல்லி ஏமாற்ற நினைத்ததா? இல்லை. உங்கள் வினாத்தாளில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ வருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். "காலையில் எழுந்து பல் ______" என்றால், "துலக்கினேன்" என்று உடனே எழுதுவீர்கள். இந்த நிரலும் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருந்தும் என்று பழகியிருக்கிறது. அடுத்தடுத்த சொல்லை நிரப்பிக்கொண்டே போகும். தெரியாத இடத்தில் வெற்றிடம் விடாமல், பொருத்தமாகத் தோன்றுவதை எழுதிவிடும். தவறான பதிலும் சரியான பதில்போலவே அழகாக இருக்கும். இப்போது இத்தகைய நிரல்கள் இணையத்தில் தேடியும் பதில் தருகின்றன. ஆனாலும் தவறு நின்றபாடில்லை.

2023 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. இரண்டு வக்கீல்களுக்கும் அவர்கள் அலுவலகத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம்! அந்தக் கற்பனைத் தீர்ப்புகளை எழுதியதாகச் சொல்லப்பட்ட உண்மையான நீதிபதிகளுக்கு, நடந்ததைக் கடிதம் எழுதித் தெரிவிக்கவும் வேண்டும். கருவியின் உதவியைப் பெற்றது தப்பு என்று நீதிபதி கெவின் காஸ்டல் சொல்லவில்லை. சரிபார்க்காமல் கொடுத்ததும், சந்தேகம் எழுந்த பிறகும் உண்மையை ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்ததும்தான் அவர்கள் செய்த தப்பு.

கனடாவிலும் ஒன்று நடந்தது. 2022இல் பாட்டியை இழந்த ஒருவர், ஏர் கனடா இணையதளத்தில் பதில் சொல்லும் நிரலிடம் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் வாங்கிவிட்டுப் பிறகு சலுகை கேட்கலாம் என்றது அது. நிறுவனத்தின் விதியோ வேறு. பணம் தர மறுத்த நிறுவனம், நிரல் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று வாதாடியது. நிரலுக்குச் சட்டைப்பை உண்டா, பணம் கட்ட? 2024 பிப்ரவரியில், வட்டியும் செலவும் சேர்த்து சுமார் 812 கனடா டாலரை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பள்ளியைத் தொடங்கியவர் யார், எந்த ஆண்டு என்று அந்த நிரலிடம் கேளுங்கள். மறுநாள் பள்ளியில் திறப்பு விழாக் கல்வெட்டு இருந்தால் படித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இரண்டு பதில்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள்.