பாலில் இருப்பதும் இல்லாததும்

பாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. இரும்புச் சத்து இல்லை என்றே சொல்லலாம். பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், அகளி, புதூர், ஷோளையூர் ஊராட்சிகளில், இவ்விரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். 2013இல் இங்கே பழங்குடிப் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடெங்கும் செய்தியானது. தாய்மார்களின் சத்துக்குறைவும் இரத்தசோகையும் அதற்குப் பின்னால் இருந்தன. பிள்ளைக்குப் பால் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை அங்கே பாதி உண்மைதான்.

100 மி.லி. பசும்பாலில் சுமார் 120 மி.கி. கால்சியமும் 3 கிராமுக்குச் சற்று மேல் புரதமும் இருக்கின்றன. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. இரண்டு டம்ளர் பால் அதில் பாதியை நெருங்கும். இறைச்சி, மீன், முட்டை சேர்க்காதவருக்கு பி12 வைட்டமின் கிடைக்கும் முக்கிய வழியும் பால்தான்.

இருளர், முடுகர், குறும்பர் ஊர்களின் பழைய உணவான ராகியில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் போன்ற பொருள்கள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலில் சேர்வது குறைகிறது. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பாலில் தாராளம். ராகிக் களியோடு மோர் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. ராகியை விட்டுவிட்டுப் பாலை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லதல்ல.

"பால் ஒத்துக்காது" என்பவர்கள் சொல்வதும் பொய்யில்லை. பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பின் உலகில் மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியரில் இது மிகப் பரவலானது. வயிறு உப்பும், இரையும், சிலருக்குப் பேதியாகும். இதற்கு வீட்டிலேயே வழியிருக்கிறது. காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி மோர் விட்டு மூடி வைத்தால், விடியும்போது சட்டியைச் சாய்த்தாலும் அசையாத தயிர். அந்த ஓர் இரவில் லாக்டோஸின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்கிறது.

இரத்தத்துக்கு வேறு கணக்கு. பாலின் கால்சியமும் தேயிலையின் டானினும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையைப் பாலோடோ பால் டீயோடோ விழுங்கினால் மாத்திரையின் பலன் குறையும். எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்பு இரும்புக்குத் துணை. அட்டப்பாடியில் அரிவாள் செல் நோயும் உண்டு. அந்தச் சோகைக்குக் காரணமே வேறு என்பதால், இரும்பு மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயதுக்குள் பசும்பாலைப் பிரதான உணவாக்கினால் இரும்பு குறைவதோடு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் ஏற்படும். ஆட்டுப்பாலில் ஃபோலேட் மிகக் குறைவு. அதை மட்டுமே குடித்து வளரும் சிசுவுக்கு வேறொரு வகைச் சோகை வரும். பெயர்பெற்ற அட்டப்பாடிக் கருப்பு ஆடும் பெரும்பாலும் இறைச்சிக்காகத்தான் வளர்க்கப்படுகிறது.

கேரள அரசு 2022இல் 'போஷக பால்யம்' திட்டத்தைத் தொடங்கியபோது அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் 125 மி.லி. பாலும் இரண்டு நாள் முட்டையும் தரப்பட்டன. பாலை மட்டும் நம்பாமல் முட்டையையும் சேர்த்தது சரியான முடிவு. கூடவே கீரையும் பயறும் வேண்டும்.

கறந்த பாலை அப்படியே குடிப்பது ஆபத்து. புருசெல்லோசிஸும் காசநோயும் கால்நடையிலிருந்து பால் வழியே பரவக்கூடியவை. பொங்கி வரும்வரை காய்ச்சினால் அந்தக் கிருமிகள் செத்துவிடும். கால்சியம் எங்கும் போய்விடாது.