ஸ்பென்சர்: கடையா, கட்டடமா?

"மாமா, ஸ்பென்சர்தான் இந்த ஊரோட முதல் மாலாமே?" என்று கேட்டான் மருமகன். அண்ணா சாலைப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். கேள்வியில் இரண்டு ஸ்பென்சர்கள் கலந்துகிடந்தன. ஆளுக்கொரு டீ சொல்லிவிட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வந்தது கடை. 1863 வாக்கில் டூரன்ட், ஸ்பென்சர் என்ற இருவர் தொடங்கியது. அதை ஆளாக்கியவர் பின்னால் வந்த யூஜின் ஓக்‌ஷாட். பாவம், அவர் பெயரில் ஒரு பஸ் ஸ்டாப்கூட இல்லை. 1895இல் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், திறந்த பெரிய கடையில் 80க்கும் மேற்பட்ட டிபார்ட்மென்ட்டுகள்.

"அண்ணாச்சி கடையிலயும்தான் எல்லாம் கிடைக்குது?"

கிடைக்கும். ஆனால் அங்கே புளிக்கும் சோப்புக்கும் ஒரே கல்லா. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சரக்கு, தனி ஆட்கள், தனிக் கணக்கு. எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். அலமாரியில் இருப்பதெல்லாம் அவர் காசு போட்டு வாங்கியது என்பதால், தூங்கினால் நஷ்டமும் அவருக்கே.

மதராசில் குடியிருந்த வெள்ளைக்காரர்களை மட்டும் நம்பினால் அவ்வளவு சரக்கு ஓடுமா? ஸ்பென்சர் ரயிலைப் பிடித்தது. ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளையும் ரயில் சாப்பாட்டுப் பெட்டிகளையும் எடுத்து நடத்தியது. வெளியூர்களில் கிளைகள் திறந்தது. பக்கத்திலிருந்த கன்னிமரா ஹோட்டலும் அதன் கைக்கு வந்தது. சோடாவைத் தானே தயாரித்தது. திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்தது. கட்டடத்தின் அழகைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். எனக்கு இந்த ரயில் யோசனைதான் பெரிதாகப் படுகிறது. ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்த வாடிக்கையாளர்களைத் தேடிக் கடையே போயிருக்கிறது.

அந்தச் செங்கல் நிறக் கட்டடம் 1980களின் தொடக்கத்தில் தீக்கிரையானது. அதே மனையில் 1991இல் ஸ்பென்சர் பிளாசா என்ற மால் திறந்தது. அங்கே துணிக்காரர் வேறு, கடிகாரக்காரர் வேறு. சரக்குத் தூங்கினால் தூக்கம் கெடுவது அவரவருக்கு. மால் கட்டியவருக்கு விற்பனைப் பொருளே சதுர அடிதான்.

"அப்போ ஸ்பென்சர்னு சூப்பர் மார்க்கெட் இருக்கே, அது?"

அது மளிகை வழி வந்த வாரிசு. பிளாசா மனை வழி வந்தது. பாகம் பிரித்தபோது பெயர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போனது.