சாப்லியில் ஊறும் புளிப்பு

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் வடகோடியாக, செரேன் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் சாப்லி. அதன் பெயரைத் தாங்கிய வெள்ளை ஒயினுக்கு ஒரே திராட்சைதான்: ஷார்டனே. ‘டிரை’ ஒயினை, அதாவது இனிப்பில்லாத ஒயினை, பழக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சாப்லியைத்தான்.

திராட்சைச் சாற்றில் சர்க்கரை ஏராளம். ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. பாதியில் நிறுத்தாமல் தின்னவிட்டால் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் சர்க்கரைதான் மிஞ்சும். இனிப்பு விலகியதும் அமிலம் நாக்கில் முன்னால் வந்து நிற்கும். வெப்பமான ஊர்களில் பழம் பழுக்கப் பழுக்க மாலிக் அமிலம் வேகமாகக் குறைந்துவிடும். சாப்லியின் குளிரில் அது தங்கிவிடுகிறது. பச்சை ஆப்பிளில் இருக்கும் அதே அமிலம். பிறகு பாக்டீரியாக்கள் அதைத் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றி முனையைச் சற்று மழுக்குகின்றன. அப்படியும் புளிப்பு விறுவிறுப்பாகவே நிற்கும்.

அந்தக் குளிரே கொடிக்கு எமனும்கூட. ஏப்ரலில் துளிர் விடும் நேரம் பார்த்து உறைபனி இறங்கும். சில தோட்டங்களில் இரவெல்லாம் துளிர்கள் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பத்தில், பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிர் பூஜ்ய டிகிரியை ஒட்டியே பிழைத்துக்கிடக்கும். விடிந்து பனி உருகும்வரை தெளிப்பு நிற்கக் கூடாது. நடுவில் பம்பு நின்றுபோனால் அந்தப் பனிக்கட்டியே துளிரைக் கொன்றுவிடும்.

சாப்லியின் மண்ணில் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் குட்டிச் சிப்பிகள் புதைந்திருக்கின்றன. ஒயினில் வீசும் கல்வாசனை அந்தச் சிப்பிகளிலிருந்து வருகிறது என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. வேர் உறிஞ்சும் தாதுக்கள் நாக்கில் தெரியும் அளவுக்கு இல்லை. மண்ணின் பங்கு, நீரைத் தேவைக்குப் பிடித்துவைத்து மிச்சத்தை வடியவிடுவதில் இருக்கிறது. சிப்பி உணவோடு சாப்லி அவ்வளவு பொருந்துவதற்கும் உப்பும் புளிப்பும் சேர்வதே போதுமான காரணம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடிக்காதீர்கள். கடுங்குளிரில் மணம் எழாது. 10 முதல் 12 டிகிரி போதும். சின்ன மடக்காக வாயில் சற்று வைத்திருந்து விழுங்குங்கள். நாக்கின் ஓரங்களில் உமிழ்நீர் ஊறினால் அமிலம் வேலை செய்கிறது என்று அர்த்தம். முதலில் எலுமிச்சை தெரியும், குளிர் தணியத் தணியப் பழ மணம் விரியும். சாதாரண சாப்லியை இளமையிலேயே குடித்துவிடலாம். ஆற்றின் வலக்கரைச் சரிவில் விளையும் ஏழு கிராண்ட் க்ரூ (உச்சத் தர) ஒயின்களுக்குப் பத்தாண்டு பொறுமை கொடுத்தால், அதே புளிப்பின் மேல் தேன் மணம் படரும்.