ரிப்பேர் முடிஞ்சும் ஏர்பேக் லைட் ஏன் அணையலை?

பாடி, அம்பத்தூர் பக்கம் டிங்கரிங் பெயிண்டிங் முடிஞ்சு வர்ற வண்டியைப் பார்த்தா அடிபட்ட அடையாளமே இருக்காது. ஆனால் மீட்டரில் ஏர்பேக் சின்னம் மட்டும் அணையாமல் எரியும். "அது சும்மா சென்சார் லைட் சார், ஓட்டுங்க" என்பார்கள். ஓட்டலாம்தான். ஆனால் அந்த லைட் எரியும்வரை, அடுத்த மோதலில் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது.

1 ஜூலை 2019 முதல் புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் என்பதால் இது இன்று சின்ன வண்டிக்காரர்களின் பிரச்சினையும்கூட.

லைட்டின் கணக்கு எளிது. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பொதுவாக நடு கன்சோலுக்கு அடியில் இருக்கும். சாவி போட்டதும் ஒவ்வொரு ஏர்பேக் சர்க்யூட்டின் ரெசிஸ்டன்ஸையும் அது சோதிக்கும். சுமார் 2 ஓம் இருக்க வேண்டும். ரொம்பக் கூடினாலோ குறைந்தாலோ ஒரு கோட் பதிவாகும், லைட் எரியும்.

விபத்து வேலைக்குப் பிறகு வழக்கமாகச் சிக்கல் வரும் இடங்கள்:

1. சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர். சீட்டைக் கழட்டி மாட்டும்போது சரியாக லாக் ஆகாமல் போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. கிளாக் ஸ்ப்ரிங். ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ரிப்பன் வயர். சென்டர் பார்க்காமல் மாட்டினால் ஒரு முழுத் திருப்பத்தில் அறுந்துவிடும். கூடவே ஹார்னும் அடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதுதான்.

3. சீட் பெல்ட் ப்ரீடென்ஷனர். இதிலும் ஒரு சின்ன வெடிமருந்து உண்டு. ஒருமுறை வெடித்தால் மாற்றித்தான் ஆகணும். ஏர்பேக் விரியாத மோதலிலும் இது வெடித்திருக்கலாம்.

4. முன் மோதல் சென்சார். ரேடியேட்டர் சப்போர்ட் பக்கம் இருப்பதால் பம்பர் வேலையில் உடைந்தோ மாட்டாமலோ விடப்படும்.

5. கன்ட்ரோல் யூனிட். ஏர்பேக் விரிந்திருந்தால் மோதல் பதிவு உள்ளேயே தங்கிவிடும். பல வண்டிகளில் சாதாரண ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது; யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள்.

மலிவான புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோட் மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் கோட் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். மல்டிமீட்டரை ஏர்பேக்கில் நேராக வைத்துப் பார்க்காதீர்கள், அந்தக் கரண்டிலேயே வெடிக்கலாம். பேட்டரியைக் கழட்டினாலும் யூனிட்டின் கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும். மேனுவல் சொல்லும் சில நிமிடங்கள் காத்திருந்து பிறகு கனெக்டரைத் தொடுங்கள்.

இன்னொரு ஆபத்து, லைட்டை மட்டும் 'சரி' பண்ணுவது. ஏர்பேக்குக்குப் பதில் 2 ஓம் ரெசிஸ்டர் சொருகினால் யூனிட் ஏமாந்துவிடும். லைட்டும் அணையும், உள்ளே பை இருக்காது. சிலர் பல்பையே கழட்டிவிடுவார்கள். சாவி போட்டதும் லைட் சில நொடி எரிந்து அணையணும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ரெசிஸ்டர் வேலை இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு பார்ட் நம்பரோடு பில்லும், கழட்டிய பழைய பாகமும் கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

இன்ஷூரன்ஸ் க்ளைம் என்றால், வண்டியைப் பிரிக்கும் முன்பே ஸ்கேன் ரிப்போர்ட் எடுத்து சர்வேயரிடம் காட்டுங்கள். வேலை முடிந்ததும் இன்னொன்று எடுங்கள். இரண்டாவதில் கோட் இல்லாமல் இருந்த பிறகே டெலிவரியில் கையெழுத்துப் போடுங்கள். க்ளைம் முடிந்த பிறகு கண்டுபிடித்தால், ப்ரீடென்ஷனரும் யூனிட்டும் உங்கள் கைக்காசில்தான்.