“கையைப் பிடிச்சு இழுக்காதே தம்பி!” அப்பாவைத் தூக்கிய மகனுக்கு நர்சு போட்ட சத்தம்

சென்னையில் உள்ள ஒரு ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டு. காலை 10 மணி.

ஒரு பெரியவரை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோக வேண்டும். பக்கவாதத்தில் அவருக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீல்சேர் வந்துவிட்டது. ஆனால் ஏற்றிவிட ஆள் வரவில்லை. பொறுத்துப் பார்த்த மகன், தானே முன்வந்தார். அப்பாவின் இடது கையைப் பிடித்தார். “எழுந்திருப்பா” என்று ஒரு இழு இழுத்தார்.

“ஐயோ!” என்று பெரியவர் அலறினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

“கையை விடு தம்பி! அது என்ன கிணத்துக் கயிறா?” என்று கேட்டபடி ஓடி வந்தார் ஒரு சீனியர் நர்சு. மகன் வெலவெலத்துப் போய் நின்றார். டாக்டர் வந்து தோளைத் தொட்டுப் பார்த்தார். நல்லவேளை! மூட்டு நழுவவில்லை.

வேறு ஒருவரைப் பார்க்கப் போயிருந்த நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

நழுவுவது ஏன்?

தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள தசைகள்தான். பக்கவாதம் வந்தால் அந்தத் தசைகள் தளர்ந்துவிடும். அப்போது கையின் கனமே மூட்டைக் கீழே இழுக்கும். அதை நாமும் பிடித்து இழுத்தால் கேட்கவா வேண்டும்? மூட்டு விலகி வலி வந்துவிட்டால், கைக்குப் பயிற்சி கொடுக்கவே முடியாமல் போகும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் இதே தப்புதான். நம் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தானே தூக்குகிறோம்!

நர்சு செய்து காட்டினார்

முதலில் வீல்சேரை, பெரியவரின் பலமுள்ள வலது பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போட்டார். பிரேக் போட்டார். கால் வைக்கும் தட்டை மடக்கினார். “இதுல தடுக்கித்தான் நிறைய பேர் விழுறாங்க” என்றார்.

பெரியவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார். உடனே எழுப்பவில்லை. படுத்தே கிடந்தவரைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். “கிறுகிறுன்னு இருக்கா ஐயா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று பார்த்தார்.

அப்புறம் ஒரு நீளத் துண்டைப் பெரியவரின் இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டினார். பிடி அதில்தான், கையில் அல்ல. தன் முழங்காலால் பெரியவரின் இடது முழங்காலுக்கு அணை கொடுத்தார். முன்னால் குனியச் சொல்லி, “ஒண்ணு... ரெண்டு... மூணு!” பெரியவர் எழுந்தார். வலது பக்கம் திரும்பினார். உட்கார்ந்தார். அவ்வளவுதான்! இடது கை மடியில் ஒரு தலையணை மேல் வைக்கப்பட்டது.

நர்சு மூச்சு வாங்கக்கூட இல்லை. முழங்காலை மடக்கித்தான் இறங்கினார், இடுப்பை வளைக்கவில்லை. 60 கிலோ ஆளை ஒருவரே தூக்கினால் முதுகு என்னத்துக்கு ஆகும்? நோயாளியைத் தூக்கும் ஒருவரின் கையில் 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக்கூடாது என்று அமெரிக்காவில் 2007-லேயே கணக்குச் சொல்லிவிட்டார்கள். இங்கே நர்சுகளையும் ஆயாக்களையும் கேட்டுப் பாருங்கள், முதுகுவலிக் கதை நிறைய வரும்.

ராத்திரி வேலை

படுக்கையை விட்டு எழவே முடியாதவர்கள் கதை வேறு. அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும்தான்! இல்லாவிட்டால் அமுங்கிய இடத்துக்கு ரத்தம் போகாமல் வால் எலும்பு, இடுப்பு, குதிகாலில் படுக்கைப்புண் வரும். தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால் அதுதான் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. காற்று மெத்தை வாங்கிப் போட்டுவிட்டோம் என்று தூங்கிவிடவும் கூடாது.

கட்டிலில் கீழே சரிந்துவிட்டவரைத் தரதரவென்று மேலே இழுத்தால் தோல் உரியும். இடுப்புக்கு அடியில் ஒரு விரிப்பைக் குறுக்கே போட்டு, பக்கத்துக்கு ஒருவராக நின்று, ஒரே நேரத்தில் விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும்.

ரோட்டில் அடிபட்டவர் விஷயத்தில் இதெல்லாம் பொருந்தாது. அங்கே முதுகெலும்பு முறிந்திருக்கலாம். ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்து ஆட்டோவில் மடக்கிப் போடக்கூடாது. பக்கத்தில் தீ, புகை போன்ற ஆபத்து இல்லை என்றால் கிடந்தபடியே விட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மகன் கேட்ட கேள்வி

“இதை எல்லாம் எங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?” என்றார் மகன். நியாயமான கேள்விதான். மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். எப்படித் தூக்குவது என்று எழுதிக் கொடுப்பதில்லையே! “நாளைக்கு பிசியோதெரபிக்கு வா தம்பி. வீட்டுக்குப் போறதுக்குள்ள கத்துக்கோ” என்றார் நர்சு.

மதியம் 1 மணிக்குப் பெரியவர் ஸ்கேன் முடிந்து திரும்பினார். கட்டிலுக்கு இறக்க இந்தத் தடவையும் மகன்தான் வந்தார். நாற்காலியைத் திருப்பி, அப்பாவின் வலது பக்கம் கட்டிலை ஒட்டி இருக்கும்படி நிறுத்தினார். துண்டை எடுத்தார்.

நர்சு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பிரேக்?”

“போட்டாச்சு சிஸ்டர்.”